பாதம் கழுவும் கைகள்

உயிர்த்த ஞாயிறுக்கு முன்வரும் பெரிய வியாழன் மாலையில் கத்தோலிக்க ஆலயங்களில் நடைபெறும் ஒரு சடங்கை எமது வாசகியரில் பலர் கண்டிருப்பீர்கள். பன்னிருவர் வரிசையாக அமர்ந்திருக்க, குருவானவர் தமது மேலாடையைக் களைந்து, இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு, முழந்தாளிட்டு ஒவ்வொருவரின் பாதத்திலும் நீர் ஊற்றிக் கழுவித் துடைப்பார். இயேசு தாம் சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவு தமது சீடருக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு இது.

நெடுங்காலமாக இச்சடங்கில் ஆண்களின் பாதங்கள் மாத்திரமே கழுவப்பட வேண்டும் என்ற விதி இருந்தது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2013ஆம் ஆண்டு தாம் பதவியேற்ற சில நாட்களிலேயே, ரோம் நகரிலுள்ள இளங்குற்றவாளிகளின் தடுப்பு நிலையமொன்றுக்குச் சென்று பன்னிரு இளையோரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்கள். முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். 2016 ஜனவரியில், பெண்களையும் இச்சடங்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியே மாற்றப்பட்டது.

இச்சடங்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தில் நடப்பது. ஆனால் அது குறிக்கின்ற வேலையோ பெண்களாகிய எமக்குப் புதிதல்ல. பிள்ளையின் கால் கழுவுவதும், படுக்கையிலிருக்கும் மாமியாரின் உடல் துடைப்பதும், காயப்பட்ட கணவனின் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் நாங்கள் நாளாந்தம் செய்கின்ற வேலைகள்தாம். அதற்கு மெழுகுதிரியும் இல்லை, பாட்டும் இல்லை. ஆகவே, 'தாழ்மையோடு சேவை செய்யுங்கள்' என்று யாராவது பெண்களிடம் வந்து சொன்னால், 'இன்னும் எவ்வளவு தாழ்வது?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அந்தக் கேள்வியை ஒதுக்காமல், கிறிஸ்தவ மார்க்கம் சொல்லும் தாழ்மை எது, எது அல்ல என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

தாழ்மை வேறு, தாழ்த்தப்படுதல் வேறு

அக்கால யூத நாட்டில் மக்கள் புழுதிப் பாதைகளில் செருப்பணிந்து நடந்தனர். வீட்டுக்கு வருகின்ற விருந்தினரின் கால் கழுவுவது வீட்டிலுள்ள ஆகக் கடைசிப் பணியாளரின் வேலையாக இருந்தது. அந்த வேலையைத்தான் இயேசு எடுத்துக்கொண்டார் என்று யோவான் எழுதிய நற்செய்தி கூறுகிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னர் யோவான் ஒரு விடயத்தைக் கவனமாகக் குறிப்பிடுகிறார். தாம் எங்கிருந்து வந்தவர், எங்கே போகிறவர், தமக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதையெல்லாம் இயேசு நன்கு அறிந்திருந்தார். அறிந்திருந்துதான் எழுந்து துவாயைக் கட்டினார்.

இதுவே முக்கியம். தம்மை யாரென்று அறிந்த ஒருவர், தாமாக விரும்பிச் செய்தது அது. எவரும் அவரை அதட்டவில்லை. அடித்து வேலை வாங்கவில்லை. அடிக்குப் பயந்து செய்கின்ற வேலைக்குத் தாழ்மை என்று பெயரில்லை; அது அடிமைத்தனம். வீட்டில் வன்முறையைச் சகித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் 'தாழ்மையாக இரு' என்று இந்தக் கதையைக் காட்டிச் சொல்பவர், கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அங்கே குனிந்தவர் வீட்டின் பணிப்பெண் அல்ல, மேசையின் தலைவர். குனிய வேண்டியவர்கள் பலம் உள்ளவர்களே என்பதுதான் அதன் படிப்பினை.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். பேதுரு என்ற சீடர் தமது காலைக் கழுவ விடமாட்டேன் என்று மறுத்தார். இயேசு அதை ஏற்கவில்லை. கழுவ விடாவிட்டால் தம்முடன் உமக்குப் பங்கில்லை என்ற கருத்தில் பதிலளித்தார். கொடுப்பது மாத்திரமல்ல, இன்னொருவரின் உதவியைக் கூச்சமின்றி ஏற்பதும் தாழ்மையின் ஒரு பகுதி என்பது இதிலிருந்து தெரிகிறது. நிவாரண வரிசையில் அட்டையுடன் வெயிலில் நின்ற எங்களில் பலருக்கு, பெறுவது கொடுப்பதிலும் கடினமானது என்பது தெரியும். பெறுபவர் தலைநிமிர்ந்து பெறக்கூடியதாகக் கொடுப்பதே கொடுப்பவரின் கடமை.

தொற்காளின் தையல் வேலை

விவிலியத்தில் அப்போஸ்தலர் பணிகளைக் கூறும் நூலில் யோப்பா என்ற கடற்கரைப் பட்டினத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிய சிறு பகுதி வருகிறது. அவளுடைய பெயர் தபீத்தாள். கிரேக்க மொழியில் தொற்காள். அவள் பிரசங்கம் செய்ததாகவோ அற்புதம் நிகழ்த்தியதாகவோ அங்கே எழுதப்படவில்லை. அவள் உடுப்புத் தைத்தாள். அவள் நோயுற்று இறந்தபோது, அந்த ஊரின் விதவைகள் ஒன்றுகூடி அழுதுகொண்டு, அவள் தங்களுக்குத் தைத்துத் தந்த அங்கிகளைப் பேதுருவுக்கு எடுத்துக் காட்டினார்கள். பேதுரு மன்றாடினார், அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்று அப்பகுதி முடிகிறது.

அவளது சேவைக்குச் சாட்சி சொன்னவை அந்த உடுப்புகளே. கணவனை இழந்த பெண்கள் அக்காலத்தில் சொத்தும் பாதுகாப்பும் இன்றி வாழ்ந்தவர்கள். அவர்களின் உடல் அளவை அறிந்து ஒவ்வொருத்திக்கும் பொருந்தத் தைத்துக் கொடுப்பது என்றால், அவர்களை அருகில் அழைத்து இருத்திப் பேசியிருக்க வேண்டும். ஒரே அளவில் மூட்டையாகக் கட்டி வீசப்பட்ட உடுப்புக்கும், ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைத்த உடுப்புக்கும் உள்ள வித்தியாசம் முகாம்களில் இருந்தவர்களுக்கு விளங்கும்.

பண்டத்தரிப்பிலிருந்து வேலூருக்கு

இந்த மார்க்கம் எமது மண்ணில் வைத்தியப் பணியாகவும் கால் பதித்தது. ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர் நியூயோர்க் நகரிலிருந்த தமது தொழிலை விட்டு, மனைவியுடன் 1819ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் தங்கி, அங்கே வைத்தியசாலை ஒன்றையும் நடத்தினார். 1836இல் அவர் சென்னைக்கு மாறிச் சென்றார். அவரது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழகத்தில் அதே பணியைத் தொடர்ந்தனர். அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவர்தான் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர்.

ஐடாவுக்கு இந்தப் பணியில் ஆரம்பத்தில் விருப்பம் இருக்கவில்லை. அமெரிக்காவில் படித்த அவர், தாயாரின் சுகவீனம் காரணமாகத் திண்டிவனத்திலிருந்த பெற்றோரிடம் சிறிது காலம் தங்க வந்தார். 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை வைத்தியர்தான். ஆனால் ஓர் ஆண் தம் மனைவியைத் தொடுவதை அவர்களின் வழக்கம் அனுமதிக்கவில்லை. பெண்ணாகிய ஐடாவை வரும்படி அவர்கள் கேட்டனர். ஐடாவோ வைத்தியம் படித்தவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

அந்த இரவின் பின்னரே ஐடா வைத்தியம் படிக்கத் தீர்மானித்தார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பி, ஒரே ஒரு கட்டிலுடன் வேலையைத் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கான வைத்தியசாலை திறக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வர இயலாதவர்களுக்காகக் கிராமப் பாதையோரங்களில் மர நிழலில் மருந்து கொடுக்கும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். 1918இல் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பாடசாலையைத் தொடங்கினார். ஆண்கள் அங்கு சேர்க்கப்பட்டது 1947இலிருந்துதான். இன்று வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்துள்ள அந்த நிறுவனத்தின் குறிக்கோள் வாசகம், சேவை பெறுவதற்கல்ல, சேவை செய்வதற்கே என்ற இயேசுவின் கருத்தைக் கொண்டது. இலங்கையிலிருந்தும் நோயாளர் அங்கு சிகிச்சைக்குச் செல்வதுண்டு.

வலி அறியாத கைகள்

1946ஆம் ஆண்டு போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வேலூருக்கு வந்து சேர்ந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளை இவர் முதன்முதலாக ஊன்றிக் கவனித்தார். அக்காலத்தில் தொழுநோயாளரைப் பொது வைத்தியசாலைகள் உள்ளே எடுப்பதில்லை. நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று வைத்தியர்களும் நம்பினர்.

பிராண்ட் கண்டது வேறு. இந்நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை மரத்துப்போகச் செய்கிறது. வலி தெரியாததால் நோயாளி சூடான சட்டியைத் துணியின்றிப் பிடிக்கிறார். காலில் ஆணி ஏறியதையும் அறியாமல் நடக்கிறார். இரவில் எலி விரலைக் கடித்தாலும் எழும்புவதில்லை. விரல்கள் தேய்வது இத்தகைய காயங்களாலும் அவற்றில் ஏற்படும் கிருமித் தொற்றாலுமே. எலித் தொல்லைக்குப் பிராண்ட் கண்ட வழி எளிமையானது. இரவில் நோயாளருக்குக் காவலாகப் பூனைகளை வைத்துக்கொள்ளச் செய்தார். கால்களுக்கு மெத்தென்ற இறப்பர் செருப்புகளைச் செய்வித்தார். செயலிழந்த கைகளில், நல்ல நிலையிலுள்ள தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிரச் செய்தார்.

ஆனால் சிகிச்சை பெற்ற சிலர் ஒரு முறைப்பாட்டுடன் திரும்பி வந்தனர். முன்பு மடங்கிய கையைப் பார்த்து மக்கள் பிச்சையிட்டனர். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை, தொழுநோயாளர் என்பதால் வேலை தருவாரும் இல்லை. கையைச் சீர்செய்தவர்கள் அந்தக் கைக்குத் தொழிலையும் தேட வேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார். தச்சு வேலை முதலியவற்றைப் பழக்குவதற்காக ஒரு புது வாழ்வு நிலையம் அங்கு உருவானது. உதவி பெறுபவரிடம் கேட்டறியாமல் செய்யும் உதவி பாதியில் நிற்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எமது கிராமங்களில் கொடுக்கப்பட்டு, பின்னர் பாவனையின்றிக் கிடக்கும் வாழ்வாதாரப் பொருட்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு வைத்தியர்

அதே வேலூரில் படித்தவர் மேரி வர்கீஸ். 1925இல் கேரளத்தின் கொச்சியில் பிறந்தவர். பெண்நோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1954இல் சக வைத்தியர்களுடன் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியும் இயக்கமும் அற்றுப்போயின. முகத்திலும் ஆழமான காயங்கள். இருபத்தெட்டு வயதில், நோயாளரின் கட்டிலருகே நின்றவர் நோயாளியாகக் கட்டிலில் கிடந்தார். நின்று செய்ய வேண்டிய சத்திரசிகிச்சை இனி அவருக்கில்லை.

போல் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். கையில் செய்யும் சத்திரசிகிச்சையை வைத்தியர் உட்கார்ந்தபடியே செய்வர். அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் அதைக் கற்றார். தொழுநோயாளரின் கைகளில் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார். உணர்ச்சியற்ற கைகளோடு வந்தவர்களுக்கு, உணர்ச்சியற்ற கால்களோடிருந்த ஒருவர் வைத்தியம் செய்தார். நோயாளரின் கவலையை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்று, பிறர் தயவின்றித் தன் வேலைகளைத் தானே செய்யும் பயிற்சியைப் பெற்றார். அதன்பின் நியூயோர்க்கில் ஹொவார்ட் ரஸ்க் என்ற வைத்தியரின் நிலையத்தில் உடலியல் மறுவாழ்வு வைத்தியத்தை முறையாகக் கற்றார். இந்தத் துறை வளர்ந்த விதத்தையும் நாம் அறிவது நல்லது. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட படையினரைக் கட்டிலிலேயே விட்டுவிடாமல், மீண்டும் வாழப் பழக்க வேண்டும் என்று உழைத்தவர் ரஸ்க். போர் முடக்கிய உடல்களிலிருந்து பிறந்த வைத்தியம் அது.

1963இல் மேரி வர்கீஸ் வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார்.  1966இல் நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் நிலையமும் திறக்கப்பட்டது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் அங்கே உடுப்பணியவும், நாற்காலிக்கு மாறவும், தொழில் பழகவும் கற்றனர். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் காலமானார்.

மேரி வர்கீஸ் தமது வாழ்வில் இரண்டையும் செய்தார். தூக்கி இருத்துவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் பிறர் கையை ஏற்றுக்கொண்டார். தமது கையைப் பிறருக்குக் கொடுத்தார். உதவி பெறுபவர் ஒரு வகுப்பு, உதவி செய்பவர் வேறொரு வகுப்பு என்ற பிரிவு அவரிடத்தில் பொய்த்துப்போனது.

எமது முற்றத்தில்

போரினால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் உள்ளனர். அவர்களைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவியருமே. வேலூரில் கற்பிக்கப்பட்ட முதற்பாடம் அவர்களுக்கும் உதவும். உணர்ச்சியற்ற இடத்தில் ஒரே அழுத்தம் நீடித்தால் அங்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். படுக்கையிலுள்ளவரைச் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிவிட வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கைகளை ஊன்றி அடிக்கடி உடலை உயர்த்திக்கொள்ள வேண்டும். இடுப்பு, குதிக்கால், முதுகுத் தோலை நாளுக்கொருமுறை பார்க்க வேண்டும். சிவந்து மாறாத இடம் தெரிந்தால் புண்ணாகும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் காட்ட வேண்டும்.

அதேபோன்று தொழுநோயும் எமது நாட்டில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவுக்கு நோயாளரை அனுப்பி ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் குணமாகும். மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசம். தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சி குறைந்த தழும்பு இருந்தால் உடனே காட்டுங்கள். வேளைக்குக் காட்டினால் கையும் காலும் பழுதாகா. சிகிச்சை பெறும் அயலவரை ஒதுக்காமல் அவர் வீட்டில் ஒரு தேநீர் குடிப்பதும் சேவையே.

பராமரிப்பவரைப் பராமரிப்பது யார் என்ற கேள்வியும் உண்டு. ஆண்டுக்கணக்காக ஒரு கட்டிலைச் சுற்றியே வாழும் பெண்ணுக்கு, கிழமையில் ஒரு பின்னேரம் அயலவள் ஒருத்தி வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தோய்ந்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வா' என்று சொன்னால், அதைவிடப் பெரிய பாதம் கழுவுதல் வேறென்ன? கோயில் எதுவானால் என்ன, பள்ளிவாசலானால் என்ன? அன்றிரவு திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் சமயம் எதுவென்று மரணமும் கேட்கவில்லை. அவர்களுக்காக வைத்தியம் படிக்கப் போனவரும் கேட்கவில்லை.

கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். பொருள் கொடுக்கும்போது படம் பிடிப்பதும், பெறுபவரைக் கைகூப்பி நிற்கவைப்பதும், பெயர்ப்பலகையைப் பொருளிலும் பெரிதாக எழுதுவதும் இன்றும் நடக்கிறது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று முதியோர் சொல்வார்கள். கால் கழுவுபவர் கீழே குனிந்திருப்பார். கழுவப்படுபவர் மேலே அமர்ந்திருப்பார். அந்த ஒழுங்கை மாற்றாத சேவையே தாழ்மையான சேவை.

சகோதரிகளே, உங்களிடம் பணம் இல்லாதிருக்கலாம், ஓர் அங்கம் குறைந்திருக்கலாம், வீட்டில் துணை இல்லாதிருக்கலாம். தொற்காளிடம் ஓர் ஊசி இருந்தது. மேரி வர்கீஸிடம் இரண்டு கைகள் இருந்தன. உங்களிடம் இருப்பது என்னவென்று ஒருமுறை பாருங்கள். அது தேவைப்படுகின்ற ஒருத்தி உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும்.